குழுவில் நாலு பேர்

பொழுது புலர்வதற்குள் பதினெட்டு நடை ஜல்லி சுமந்துவிட்டாள் நெட்டையக்கா. சும்மாட்டையும் மீறி உச்சந்தலை காந்தியது. தெருவில் கட்டும் மழைநீர்க் கால்வாய்க்கு அன்று அடித்தளக் கான்கிரீட். பள்ளத்துக்குள் கொத்தனார் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். மேலே கலவை மிஷின் கடகடவென்று சுற்றியது.

ஒரு வாரமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்தாள். கால்வாய், தெருக்கோடியில் இருக்கும் சரக்குக் கிடங்கை ஒட்டிப் போய்ப் பெரிய ஓடையில் விழுவதாகத்தான் முதலில் பேச்சு. கிடங்கு முதலாளி முகம் சுளித்தார். மறுநாளே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, மாறிவிட்டது. இனி தெருத் தண்ணீர் முழுவதும் வந்து நிற்கப்போவது இவர்கள் குடியிருக்கும் சந்தில். போன மழைக்கே, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் புருஷனைக் கட்டிலோடு தூக்கி அடுத்த வீட்டு மாடியில் போட்டாள். இப்போது தன் வீட்டுக்கு வெள்ளத்தைத் தன் தலையிலேயே சுமந்து வருகிறாள்.

எட்டு மணிக்குக் கான்ட்ராக்டர் ஒரு பலகையோடு வந்து இறங்கினார்.

"வேலையைப் பாத்துக் கையெழுத்துப் போட அதிகாரி இப்ப வந்துடுவாரு. சீக்கிரம் இதை நடுங்க."

கூடவே சித்தாள் வேலை செய்யும் நாத்தனார் எட்டாவது வரை படித்தவள். குழி தோண்டியபடியே பலகையை எழுத்துக் கூட்டினாள்.

"அண்ணி, 'மக்கள் கண்காணிப்புக் குழு'ன்னு நாலு பேரு போட்டிருக்கு. மொதல் பேரு உங்களுது."

"வெளையாடாதடி."

"சத்தியமா. ரெண்டாவது நான். அப்புறம் கொத்தனார், மிஷின்காரர்."

வேலையில் சேரும்போது இவர்களிடம் வாங்கிய அடையாள அட்டை நகலை வைத்தே, தெரு மக்களின் குழுவைக் காகிதத்தில் கூட்டி முடித்திருந்தார் கான்ட்ராக்டர். நால்வரும் அந்தச் சந்துக்காரர்கள்; விலாசமும் கச்சிதமாகப் பொருந்தியது. கெட்டிக்காரர்தான், பாவம்.

நெட்டையக்கா ஜல்லிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"சார், இந்தக் குழு என்ன பண்ணும்?"

"வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாக்கும். அதெல்லாம் ஒரு சம்பிரதாயம். நீ போய் சட்டியை எடு."

"பாத்தாச்சு சார். வாட்டம் தப்பு."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"சித்தாளுக்கு வாட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல," என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார் கொத்தனார். இத்தனை நாள் மென்று விழுங்கியவர். "அன்னிக்கே சொன்னேன். வேலையைப் பாருடான்னீங்க."

"கலவை இறுகிடும். நேரத்தைக் கெடுக்காதீங்க."

"இறுகறதுக்கு முன்னாடிதான் சார் பேசணும்," என்றாள் நெட்டையக்கா. "இறுகின பொறவு யார்கிட்ட போய்ப் பேசறது?"

"நாளையிலேர்ந்து நாலு பேரும் வேலைக்கு வர வேண்டாம்."

நாத்தனாரின் முகம் வெளுத்தது. நெட்டையக்காவுக்கும் மருந்துச் சீட்டு, அடுப்பு எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயின. அந்த நேரம் பார்த்து, அதிகம் பேசாத மிஷின்காரர் எட்டிச் சுவிட்சை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது.

"வேலையை விட்டுத் தூக்கலாம். குழுவ விட்டு எப்படித் தூக்குவீங்க? பலகையே நட்டாச்சே," என்றார் அவர்.

சத்தம் நின்றதும் சந்திலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். நாத்தனார் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னாள். துணி துவைத்த ஈரக் கையோடும், பாதி மழித்த தாடையோடும் வந்து பள்ளத்தின் ஓரமாக நின்றார்கள்.

அதிகாரியின் ஜீப்பும் வந்து நின்றது. அவர் பலகையைப் படித்துவிட்டு, வெள்ளைச் சட்டைகளைத் தேடிக் கண்ணை ஓட்டினார்.

"குழுவிலேர்ந்து யாரும் வரலையா?"

"அவங்கல்லாம் வெளியூர் போயிருக்காங்க சார்," என்றார் கான்ட்ராக்டர்.

"இங்கதான் சார் இருக்கோம்," என்றாள் நெட்டையக்கா. முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது. "பள்ளத்துல எறங்கி வாங்க. தண்ணி எந்தப் பக்கம் போகும்னு காட்டறோம். பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி பள்ளத்தைப் பார்த்தார், கான்ட்ராக்டரைப் பார்த்தார். அவர் இறங்குவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் இறங்கும்வரை அந்தத் தெருவில் ஒருவரும் சட்டியைத் தொடுவதாக இல்லை.