பெரணியின் முதுகு

மூன்று வருஷமாகத் தற்காலிக வாத்தியாராகவே தேய்ந்துகொண்டிருந்தார் காசிராஜன். அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்க அன்று இன்ஸ்பெக்டர் வகுப்புக்கு வருகிறார். பாடம், பெரணி. மழை எட்டிப் பார்க்காத அருப்புக்கோட்டைச் சீமைக்கு இந்தப் பாடத்தை வைத்த மகராசனைக் காசிராஜன் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அவருக்குத் தெரிந்த ஒரே பெரணி எம்.ரெட்டியபட்டியில், சந்தனம்மாளின் பருத்திக்காட்டுக் கிணற்றுக்குள் வெயில் படாத கல்லிடுக்கில் இருந்தது. "நல்ல இலையாப் பாத்துக் கொண்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எது நல்ல இலை என்று சொல்லவில்லை. வாத்தியார் அல்லவா!

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம்; கரியில் ஓடும் பஸ் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பு வாசலில் சந்தனம்மாள் இலையை நீட்டினாள். திருப்பிப் பார்த்தார். முதுகு வெறும் பச்சை.

"அக்கா, இதுல தவிட்டு நிறப் புள்ளி இருக்குமே?"

"அத ஏன் கேக்கீக! பூராம் பூச்சி முட்டை. பருத்தியில வைக்குமே, அதே மாதிரி வரிசை வரிசையா. அதிகாரி வாராக, அவுக முன்னால சீக்கு இலையவா வைக்க? பஸ்ஸுல வரையில ஒண்ணுவிடாமத் துடைச்சிட்டேன். விரலே நோவெடுத்துப்போச்சு."

அந்த விரல்களைப் பார்த்தபின் அவருக்குக் கோபமும் வரவில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டர் கேட்டார்: "பூவில்லை, விதையில்லை. பாசியோடு சேர்த்துவிடலாமே?"

"முடியாது ஐயா. பாசிக்கு வேரும் தண்டும் கிடையாது. பெரணிக்குள் தண்ணீர் ஏறக் குழாய் உண்டு. அதனால் தனி வகுப்பு."

"விதையில்லாமல் எப்படிப் பெருகுகிறது? காட்டும்."

காசிராஜன் வாசலைப் பார்த்தார். திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்த சந்தனம்மாளின் கையில், இலையைத் துடைத்த வெள்ளைத்துணி.

"அக்கா, அந்தத் துணியக் குடுங்க."

மேஜையில் விரித்தார். துணியெங்கும் தவிட்டுத் தூள். "இதுதான் ஸ்போர் ஐயா. இலையின் முதுகில் விளைவது. ஈரத்தில் விழுந்தால் முளைக்கும்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார், தும்மினார், பிறகு எழுதினார்: 'இலையையும் ஸ்போரையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறார். முன்தயாரிப்பு நன்று. நிரந்தரமாக்கலாம்.'

சந்தோஷப்படலாமென்று காசிராஜனுக்குத் தோன்றியது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் போனதும் சந்தனம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏன் வாத்தியாரய்யா, இந்தத் தூசியா முளைக்கும்? பச்சப்புள்ளைகளயில்ல துடைச்சுப்புட்டேன்!"

"நீங்க துடைக்கலேன்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன் அக்கா."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு தூள் சிந்தாமல் துணியை மடித்தாள்.

"கெணத்துலயே உதறிர்றேன்" என்று பஸ்ஸுக்கு நடந்தாள்.