கை மாறிய தங்கம்

குழாய், வாஷ்பேசின், தரை ஓடு விற்கும் அந்தப் பெரிய கடையின் முதலாளிக்குச் 'சொட்டு' என்று பெயர். குழாய் விற்பதால் வந்த பெயர் இல்லை. எப்படி முறுக்கினாலும் அவர் கையிலிருந்து ஒரு சொட்டும் விழாது என்பதால் கடை ஆட்கள் வைத்தது. அவருக்கு மட்டும் அது தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும். முதன்முதலில் காதில் விழுந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சொட்டு தொழுகையில் முன் வரிசைக்காரர். வரி அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் நாற்காலியைத் தானே துடைத்துப் போடுவார். ஜகாத் கொடுக்க மட்டும் அவருக்கு மனசு வராது. ஒரு வருஷம் முழுக்கக் கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போயாக வேண்டும். வருஷம் நிறையவில்லை என்றால் கடமை இல்லை. இந்தச் சந்தில் சொட்டு புகுந்துகொண்டார். கடைச் சரக்குக்குக் கடன் இருக்கிறது என்று சொல்லித் தப்பிப்பார். இரும்பு அலமாரியில் இருந்த தங்கக் கட்டிகளுக்கு வேறு வழி வைத்திருந்தார். வருஷம் நிறையப்போகும் சமயத்தில் மனைவியைக் கூப்பிட்டு, அவள் அண்ணனைச் சாட்சியாக உட்காரவைத்து, "இதெல்லாம் உனக்குக் கொடுத்துட்டேன்" என்பார். கெடு தாண்டியதும், "சரி, இப்ப நீ எனக்குக் கொடுத்துடு" என்பார். யார் கையிலும் வருஷம் நிறையாது. படைத்தவனையே ஏமாற்றிவிட்ட பூரிப்பில் அன்று நன்றாகச் சாப்பிடுவார்.

அவருக்கு ஒரே தங்கை. கணவனை இழந்தவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. முழங்கை வரை ஆவி பட்ட தழும்புகள். குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு மதியம் கடைக்கு வந்து நின்றாள். அப்போது அவருடைய மனைவி சாப்பாடு எடுத்து வந்திருந்தாள்.

"நான் கட்டுற வரியெல்லாம் எங்கே போகுதுன்னு நினைக்கிறே?" என்றார் சொட்டு. "உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான். அரசாங்கத்துகிட்டப் போய்க் கேளு."

பிறகு வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்களே என்று, காட்சிக்கு வைத்துப் பூச்சு உரிந்துபோன ஒரு குழாயை எடுத்து நீட்டினார். "இதை வச்சுக்க. வீட்டுல மாட்டிக்கலாம்."

வீடு இல்லை என்று சொல்ல வந்தவளுக்குக் குழாய். அவள் அதை மேசை மேல் மெல்ல வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். "ஜகாத்துன்னு ஒண்ணு இருக்கே. அதையாவது அவளுக்குக் கொடுக்கக் கூடாதா?"

"வரியும் ஏழைக்குத்தான் போகுது. ஒரே காசுக்கு ரெண்டு தடவை அழணுமா?"

"வரி அரசாங்கம் கேக்குது, கட்டுறீங்க. அதுல போட்ட ரோட்டுலதான் உங்க வண்டியும் ஓடுது. அவங்க நினைச்சா கூட்டுவாங்க, குறைப்பாங்க, தள்ளுபடியும் செய்வாங்க. ஜகாத்தை யாரு தள்ளுபடி செய்ய முடியும்? அது உங்க காசே இல்லைங்க. உங்க தங்கச்சி மாதிரி ஆளுங்களோட பங்கு உங்க அலமாரியில கிடக்குது."

"எனக்கே பயான் பண்ணி உபதேசமா?"

"வரி ஆபீஸ் நோட்டீஸ் வந்தா நடுங்குறீங்க. படைச்சவன் நோட்டீஸ் அனுப்ப மாட்டான்னு தைரியம்."

சொட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அந்த வருஷமும் வழக்கம்போல் மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்தார், தங்கம் மேசைக்கு வந்தது, "கொடுத்துட்டேன்" என்றார் சொட்டு. மறுநாள் அவள் அத்தனையையும் கொண்டுபோய்த் தன் பெயரில் வங்கி லாக்கரில் வைத்துவிட்டாள்.

கெடு தாண்டியது. அவர் கையை நீட்டினார்.

"தங்கத்தை எடு."

"எந்தத் தங்கம்?"

"என் தங்கம்."

"உங்களுதா? அப்புறம் ஏன் அதுக்கு ஜகாத் கொடுக்கலை?"

கெஞ்சினார், கத்தினார், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கடைசியில் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் பஞ்சாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சாட்சிக்கு அவள் அண்ணனும் வந்தார். ஹஜ்ரத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மனசாரக் கொடுத்தீங்களா, பேச்சுக்குக் கொடுத்தீங்களா? மனசாரக் கொடுத்திருந்தா அது அவங்களோடது. பேச்சுக்குன்னா அது எப்பவுமே உங்களோடதுதான். இத்தனை வருஷ ஜகாத்தும் உங்க தலைமேல நிக்குது."

அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள். 'ஏமாத்திட்டேன், கொடுத்துடறேன்' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாத் தங்கத்தையும் அவர் மடியில் கொட்டியிருப்பாள். அதைத்தான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

சொட்டு இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மனசாரத்தான் ஹஜ்ரத்" என்றார்.

ஏழைகளுக்குப் போவதைவிட மனைவியிடமே கிடக்கட்டும், எப்படியாவது கறந்துகொள்ளலாம் என்ற கணக்கு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் அந்த அறையில் போனது.

அவள் தங்கத்தை வெளியே எடுக்கவில்லை. ஒரு முழு வருஷம் அது அவளிடம் இருந்தது. பிறகு அதற்கு உரிய ஜகாத்தைப் பணமாக்கி நாத்தனார் கையில் கொடுத்தாள். இத்தனை நாள் சக வேலைக்காரி வீட்டு மூலையில் ஒண்டிக் கிடந்தவள் பயந்துபோனாள்.

"அண்ணி, இதை நான் எப்போ திருப்பித் தருவேன்?"

"இது கடன் இல்லை. நன்றியும் சொல்லாதே. உன்னோடது. வந்து சேர லேட்டாயிடுச்சு."

நாத்தனார் முன்பணம் கட்டி, ஜன்னல் வைத்த இரண்டு அறை கொண்ட வீடு பார்த்தாள். செய்தி பரவியது. தொழுகை முடிந்து வெளியே வந்த சொட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே நாலு பேரிடம், "தங்கச்சிக்கு நாங்கதானே எல்லாம் பார்க்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பணத்துக்கு ரசீது ஏதாவது வாங்கினியா? வரியில கழிக்க முடியுமான்னு பார்க்கலாம்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரே ஒரு ஆள் வேண்டும். துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, நாத்தனாரின் புது வீட்டைக் கழுவிவிடக் கிளம்பினாள்.