இரண்டாம் அரங்கில் ஒழுகிய குழாய்

பிளம்பருக்கு வேலைக்குக் கிளம்பும்போது பயம் வந்ததே இல்லை. அன்று மகள் அனுப்பிய திரைப்பட விழா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வந்தது.

"மூணு வருஷமா கூப்பிடறா. ஒரு தடவையாவது போய் உக்காந்துட்டு வாங்க. எனக்கு முட்டி சரியா இருந்தா நான் போயிருப்பேன்" என்றாள் மனைவி.

மகள் சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்பவள். அந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "சத்தம் பிடிக்கிறதுக்கு ஒரு படிப்பா? நம்ம தெருவுல நின்னா இலவசமா கிடைக்குமே" என்று அவர் சொல்லிவிட்டார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவள் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை முள் மாதிரி இருவருக்கும் நடுவே கிடந்தது. இப்போது அவள் வேலை பார்த்த படம் திரைப்பட விழாவுக்கு வந்திருக்கிறது.

"இரண்டாம் அரங்கு, பதினோரு மணி. படம் வேற பாஷைப்பா. ஒண்ணும் புரியலைன்னா பயப்படாதே. சத்தத்தை மட்டும் கேளு. உன் காதுக்குப் புடிச்சிருந்தா அது போதும் எனக்கு" என்று போனில் சொல்லியிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது அவருக்கு. சுவர் முழுக்க சுவரொட்டிகள். ஒன்றில் ஆட்டுக்குட்டியோடு ஒரு கப்பல் சமையல்காரர். ஒன்றில் வெறும் நாற்காலி. வரிசையில் முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

"நேத்து பார்த்தது எப்படி?"

"மூணு மணி நேரம் ஒருத்தன் நடந்துட்டே இருந்தான்."

"எங்க போனான்?"

"அதைத்தான் நானும் விசாரிச்சுட்டிருக்கேன்."

பிளம்பர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் அரங்கில் போய் உட்கார்ந்தார். போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தார். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இயந்திரக் கோளாறு காரணமாக இரண்டாம் அரங்கின் படம் நான்காம் அரங்குக்கும், அங்கே இருந்தது இங்கேயும் மாற்றப்பட்டிருப்பதாக அதில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. அவருடைய படிக்கும் கண்ணாடியோ வீட்டில் மேசைமேல் இருந்தது.

படம் தொடங்கியது. ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் உட்கார்ந்தே இருந்தாள். ஜன்னலை மூடினாள். மறுபடி உட்கார்ந்தாள். பேச்சில்லை, பாட்டில்லை. அவர் பேந்தப் பேந்த விழித்தார். மூணு வருஷம் சத்தம் படித்த பெண் வேலை பார்த்த படத்தில் சத்தமே இல்லையே! யாராவது இவளை ஏமாற்றிவிட்டார்களோ? கடவுளே, வெளியே போய் இவள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்?

சுவரில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பவர் அவர். கண் கைவிட்டதும் வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டார். அப்போது கேட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக். குழாய். வாஷர் தேய்ந்திருக்கிறது. அதற்கடியில் ஒரு தகரப் பாத்திரம். பாத்திரம் நிறைய நிறைய, டொக் என்பது தொப் என்று மாறியது. பிறகு துடைப்பம், மாடிப்படியில் ஒரு செருப்பு, பக்கத்து வீட்டில் ஓர் இருமல். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பனுக்காகவே குழாயை வைத்திருக்கிறாளே!

முடிவில் தன் பெயர் வரும் என்று மகள் சொல்லியிருந்தாள். புரியாத எழுத்தில் ஒரு மூட்டைப் பெயர்கள் ஓடின. கண் சிமிட்டியபோது போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விளக்கு போட்டார்கள். மேடையில் ஒரு குள்ளமான அம்மாள், தடித்த கண்ணாடி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மாள்தான் டைரக்டராம். ஒருவர் எழுந்து, "சொட்டுகிற குழாய் வீணாகும் காலத்தின் குறியீடா?" என்று கேட்டார்.

பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. "குறியீடெல்லாம் இல்லைங்க, வாஷர் தேஞ்சு போச்சு" என்றார்.

அரங்கம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் அந்த அம்மாள் கையைத் தட்டினாள். "உண்மை. அது என் வீடு. குழாய் இன்னும் ஒழுகுது" என்று பதில் வந்தது.

அந்தத் தைரியத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுக்குச் சத்தம் பிடிச்சது என் பொண்ணுங்க."

மேடையில் குசுகுசுவென்று பேச்சு. மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி, "ஐயா, இந்தப் படத்துக்குச் சத்தம் பிடிச்சவர் இவங்க ஊர்க்காரர். தாடி வெச்சவர்" என்றார்.

இந்தத் தடவை எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பிளம்பரின் காது மடல் சுட்டது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் அவர் அட்டையில் இருந்த படத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, கதவுக் காகிதத்தைப் பற்றி மெல்லச் சொன்னாள். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

மேடையிலிருந்த அம்மாள் கையை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினாள். மொழிபெயர்ப்பாளரிடம் விவரம் கேட்டாள். பிறகு ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பாராட்ட வந்த கூட்டத்தை அங்கேயே விட்டு இறங்கி வந்தாள். அவர் முழங்கையைப் பிடித்து நடைவழியில் இழுத்துக்கொண்டு ஓடினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவள் நான்கு விரலைக் காட்டினாள், அவர் தலையாட்டினார். பெரிய தர்மங்களுக்குக் கல்வெட்டு உண்டு. இந்த மாதிரி ஓட்டத்துக்கு, மேலே ஒருவன் கணக்கு வைத்திருக்கிறான் என்று நம்புவதைத் தவிர வழியில்லை.

நான்காம் அரங்கிலிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே மகள் ஒரு காலி இருக்கையின் பக்கத்தில் நின்றிருந்தாள். இருக்கையில் இடம் பிடித்த கைப்பை அப்படியே இருந்தது.

"வர்றேன்னு சொன்னியேப்பா."

"வந்தேம்மா. முழுசா உக்காந்து கேட்டேன். ஆனா வேற யாரோ பெத்த பிள்ளையோட சத்தத்தைக் கேட்டுட்டேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாள் நடுவே புகுந்து விரலால் சொட்டுவதுபோல் காட்டி, "டொக், டொக்" என்றாள். பிளம்பரின் காதைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சில் கைவைத்தாள். அப்போதுதான் மகளுக்கு அவர் அரங்கு மாறி உட்கார்ந்தது உறைத்தது. "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இன்னொரு காட்சி இருக்கு. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குரல் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்து இடித்தார். "தூங்கலைங்க, கேட்டுட்டிருக்கேன்" என்றார். முடிவில் மகள் தோளைத் தட்டினாள். கண்ணைத் திறந்து அவள் பெயரைப் பார்த்தார். அது போகும்வரை சிமிட்டவில்லை.

வெளியே வந்ததும் மகள் அவர் எதிரே வந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கதை என்னன்னு சத்தியமா புரியலை" என்றார்.

"எனக்கே பாதிதான் புரிஞ்சுது. சத்தம்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துல தொட்டி நிறையுற மாதிரி குழாய்ல தண்ணி கொட்டற சத்தம் வருது. மோட்டார் மட்டும் காத்தை இழுக்குது. அந்த மோட்டார்ல தண்ணியே ஏறலைம்மா."

மகளின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. "அன்னிக்கு மோட்டார் சரியா பதியலைப்பா. வேற வீட்டுல பிடிச்சதை ஒட்டினேன். எட்டு மாசமா எத்தனையோ பேர் கேட்டாங்க, ஒருத்தரும் கண்டுபிடிக்கலை." சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாய்த் தேங்கியிருந்த சிரிப்பு.

குறைதானே சொன்னோம், இவள் ஏன் சிரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சரி, சிரிக்கட்டும். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மா இன்னிக்கு வருவாங்களா? அவங்க வீட்டுக் குழாய் என்ன அளவுன்னு தெரியலை. மூணு அளவுலயும் வாஷர் எடுத்துட்டு வந்திருக்கேன்."