மாப்பிள்ளை கேட்ட புலம்பல்

உறைவிந்து நிலையத்தில் அந்தக் காளைக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். அதன் தாய் குடம் குடமாகக் கறந்தவள் என்று வாய்க்கு வந்த விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். மாடு வைத்திருப்பவர்கள் எல்லாம் சினை ஊசி போட அதன் விந்துக் குச்சிக்காகக் காத்துக் கிடந்தார்கள். மாப்பிள்ளையோ பொம்மைப் பசுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் முகர்ந்துகூடப் பார்க்காது, சுவரைப் பார்த்தபடி நிற்கும்.

ஒருநாள் அலுவலகக் குமாஸ்தா, தன் அறையில் மின்விசிறி சுற்றவில்லை என்று முறையிட மாட்டு டாக்டரைத் தேடிக் கொட்டகைக்கே வந்துவிட்டார். விசிறியில் ஆரம்பித்து, ஒழுகும் குழாய், ஆறிப்போன டீ, மனுஷனை மனுஷனாக மதிக்காத நிர்வாகம் என்று மூச்சு விடாமல் புலம்பினார். மாப்பிள்ளை காதை விடைத்தது. அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஒரே தாவல்! டாக்டர் கையிலிருந்த விந்து பிடிக்கும் குழாய் நிரம்பிவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது குமாஸ்தாவுக்குச் சனி. அவர் குரலைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள், மாப்பிள்ளை அசையவில்லை. துரைக்குத் தினம் புதுப் புலம்பல் வேண்டுமாம்! டாக்டர் படித்தவரல்லவா, விசிறியைச் சரிசெய்ய வந்தவனைத் திருப்பி அனுப்பினார். குமாஸ்தாவின் நாற்காலியில் ஒரு காலையும் கழற்றி ஆடவிட்டார். குமாஸ்தாவின் வயிறு எரிய எரிய மாட்டு வம்சம் பெருகியது.

இதற்கிடையில் அவர் மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் செய்து அனுப்பியிருந்தார். லீவு கேட்டார், கிடைக்கவில்லை. அன்றைய புலம்பலில் மாப்பிள்ளை சாதனை படைத்தது. டாக்டருக்கே மனசு உறுத்த, மறுநாள் லீவு கொடுத்து, கிளம்புமுன் ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டுப் போகச் சொன்னார். குமாஸ்தா முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தது. உடனே லீவு ரத்து. குமாஸ்தா கதறினார், மாப்பிள்ளை தாவியது. அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அடுத்த தடவை கொட்டகையில் நிற்கும்போது மாமியார் போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடு பிடிப்பவனைக் கட்டிக்கொண்டார், டாக்டரையும் கட்டிக்கொண்டார்.

"சார், கொஞ்சம் புலம்புங்க. மாடு காத்துக்கிட்டிருக்கு" என்று டாக்டர் கெஞ்சினார்.

குமாஸ்தா விசிறியை நினைத்துப் பார்த்தார், நாற்காலியை நினைத்துப் பார்த்தார். சிரிப்புதான் வந்தது. மாப்பிள்ளை படுத்தேவிட்டது. இந்த ஆளால் இனிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் அவரைப் போகச் சொன்னார்.

விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலில் குழந்தையை அணைத்தபடி மனைவி படுத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா? மாட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா? வலி வந்தப்ப யார் கையைப் பிடிச்சேன் தெரியுமா? பக்கத்துக் கட்டில்காரியோட புருஷன் கையை!"

அங்கே ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. காப்பாற்றாத சத்தியம், எடுக்காத போன், யாரோ முதலில் தொட்டுத் தூக்கிய குழந்தை என்று கொட்டித் தீர்த்தாள். மாமியாரே போதும்டி என்று அடக்கப் பார்த்தார். குமாஸ்தா தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நெஞ்சு குற்ற உணர்வில் குறுகுறுத்தது. ஆனாலும் இத்தனை தெம்போடு புலம்பும் அவள் குரல் காதில் விழ விழத்தான் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளை எதைக் கேட்டுச் சொக்கியது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"நிறுத்தாதே, இன்னும் சொல்லு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.