குரலைப் பெருக்கும் பெட்டி

கணவரின் மய்யித்தைக் கிடத்த முன்னறை வேண்டும் என்று மேசையை ஒதுக்க வந்த நாத்தனார் ஆபிதா பீவியின் கையை நஃபீஸத் தட்டிவிட்டாள்.

"தொடாத ஆபிதா. அணைச்சாலும் அடிக்கும்னு உங்க காக்கா சொல்லுவாவ."

ஆபிதாவின் அண்ணன் காஜா முகைதீன் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ஹாம் வானொலியில் வெளியூர்க்காரர்களோடு பேசியவர். அவருடைய சின்ன செட்டில் குரல் மெலிந்துதான் போகும். சாயங்காலம் கூடும் கூட்டாளிகள் அவரைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அந்தக் குரலைப் பெருக்கத்தான் மேசைமேலிருந்த இந்தப் பெட்டி. எத்தனையோ டிரான்சிஸ்டரை எரித்து, கடைசியில் பழைய வால்வு ஒன்றை வைத்துக் கட்டினார். வண்ணார்பேட்டை வீட்டில் அவளுக்கு அதுதான் சக்களத்தி.

பெட்டி வேலைசெய்யத் தொடங்கியதும் கூட்டாளிகளைக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல் மட்டும்தான் வந்தது. "எல்லாரும் கடையக் கட்டிட்டாவ போல. இப்பக் கேக்க ஆளில்ல, நஃபீஸா" என்று நேற்று சாப்பிடாமல் படுத்தவர், சுபுஹு தொழுகைக்கு எழும்பவில்லை.

அவள் பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்க வெகுநேரம் பொறுத்து, பெட்டியை மூலைக்கு நகர்த்தினாள். அது கெட்டுப்போகும்போதெல்லாம் அவர் செய்வதுபோல, ஆண்டெனா வயரை அதிலிருந்து கழற்றிச் சின்ன செட்டிலேயே திருகிவைத்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மய்யித்தைச் சுமந்துகொண்டு சந்தூக் போனது, ஆண்களும் கூடவே போனார்கள். பெண்கள் உள்ளறையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் அவள் மட்டும். அவர் உட்காரும் நேரம் வந்ததும் இருப்புக்கொள்ளாமல் செட்டைப் போட்டாள்.

"காஜா அண்ணாச்சி இன்னைக்கு வரல்லியே" என்றது ஒரு பெண் குரல். அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான புன்னக்காயல் ஜெபராணி டீச்சர். "ரெண்டு மூணு நாளா மாதா கோயில் மணி கணக்கா கேட்டுச்சு அவிய குரல். நாம சொல்லுறதுதான் அவியளுக்குப் போகல. பேசி முடிச்சதும் ஆண்டெனாவக் கேக்குற பக்கம் மாத்திவிடுற ரிலே அவிய புதுப் பெட்டியில ஒட்டிக்கிட்டிருக்கும். அவ்வளவுதான். போனும் எடுக்கல்ல. அண்ணாச்சி, இருக்கியளா?"

நஃபீஸத் ஆண்டெனா வயரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு நாள். ஒரு நாள் முந்தி அந்த வயரைக் கழற்றியிருக்கக் கூடாதா.

லைசென்ஸ் இல்லாதவள் மைக்கைத் தொடக்கூடாது என்பார். அவள் எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"அவுக மவுத்தாயிட்டாவ."

பொத்தானை விட்டாள்.

"யாரோ ரொம்ப மெலிசா வாறாவ" என்றாள் டீச்சர். "ஒண்ணும் வெளங்கல. திரும்பச் சொல்லுங்க."

நஃபீஸத் மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.