எலுமிச்சைக்குப் போட்ட மூடாக்கு

எட்டு மணி நேரம் நின்றபடியே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் குனிய இடுப்பு ஒத்துழைக்காது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அவள் குனிந்தாள். மரப்பட்டறையில் சீந்துவாரில்லாமல் கிடக்கும் சீவலை ஒரு சாக்கில் அள்ளி வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த எலுமிச்சை மரத்தடியில் கொட்டினாள். மண் காயாமலும் களை மண்டாமலும் இருக்கப் போடும் அந்தப் போர்வைக்கு மூடாக்கு என்று பெயர். புருஷன் பேச்சில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட வார்த்தை.

புருஷன் முப்பது வருஷம் பூங்காவில் தோட்டக்காரர். ஊரார் மரத்தையெல்லாம் பார்த்துக்கொண்ட மனுஷனுக்குச் சொந்தமென்று இருந்தது இந்த ஒரு மரம்தான். எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு பாதி விழுந்தது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அவர் நாள் முழுக்க எலுமிச்சையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இவர் எழுந்து நடக்கிறாரோ இல்லையோ, இவர் கண் முன்னால் அது பட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரே பிடிவாதம்.

முதல் சாக்கைக் கொட்டியபோதே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"தூ...ர். தூ...ர்."

தூர் என்றால் மரம் மண்ணைத் தொடுகிற இடம். சரிதான், அடிமரத்தோடு ஒட்டிப் போடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே குவித்தாள். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். அவள் இன்னும் கொஞ்சம் குவித்தாள்.

வாராவாரம் இதே கூத்து. குவியல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இலை மஞ்சளாகிக் கொட்டியது. தண்ணீர் போதவில்லை போலும் என்று நாலு குடம் ஊற்றி, அதன் மேல் இன்னொரு சாக்கையும் கவிழ்த்தாள். ஜன்னலில் மறுபடி அதே கத்தல். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"தூருலதாங்க போடுறேன். இன்னும் எவ்வளவு போடணும்? மரத்தையே பொதச்சிடவா?"

அவர் இடது கையால் ஜன்னல் கம்பியை ஓங்கி அடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனுஷனுக்கு என்ன செய்தாலும் போதாது என்று இரண்டு நாள் முகம் கொடுக்காமலே சோறு ஊட்டினாள்.

அந்த வாரம், உடற்பயிற்சி செய்துவிட வரும் பெண் ஒரு பழைய சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தனியாகவே அவரை அதில் உட்காரவைத்து, மூச்சு வாங்கத் தள்ளி மரத்தடிக்குக் கொண்டுபோனாள். நாற்காலி நின்றதும் அவர் சரிந்து குனிந்தார். குவியலை இடது கையால் வாரி வாரி மரத்தைவிட்டு அப்பால் தள்ளினார்.

"தூ...ர். தூ...ர்."

தூர் இல்லை. தூர. தள்ளிப் போடு என்றுதான் இத்தனை மாதமும் கத்தியிருக்கிறார். வார்த்தையின் வாலை அந்தப் பாழாய்ப்போன நாக்கு விழுங்கியிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இருவருமாகத் தோண்டினார்கள். உள்ளே சூடாக, சொதசொதவென்று, புளித்த நாற்றம் அடித்தது. நாலு விரல் உயரம், அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி, மூடாக்குக்கு அவ்வளவு போதும். அவள் முழங்கால் உயரத்துக்கு ஒட்டிப் போட்டிருந்தாள். பட்டை கையோடு உரிந்து வந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி அடியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்தார். பழுப்பு. நாற்காலியை மறுபக்கம் திருப்பினாள். அங்கும் பழுப்புதான். சுற்றிலும் பட்டை அழுகிய மரம் நிற்காது என்பது தோட்டக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாததல்ல. பூங்காவில் எத்தனையோ பேரிடம் அவர் அதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார், யாருக்காகவும் மழுப்பியதில்லை.

"நான்தாங்க கொன்னுட்டேன்," என்றாள். "பொழைக்குமாங்க?"

அவர் சுரண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு வெந்நீரிலும் சோப்பிலும் வெளிறிப் புண்ணாகிக் கிடந்த அவள் கைகளை வெகு நேரம் பார்த்தார். வாயைக் கோணி, நெற்றி வியர்க்க, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தார்.

"பொ...ழைச்...சு...க்கும்."

எட்டு மாதத்தில் அவர் விழுங்காமல் சொன்ன முதல் வார்த்தை. பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சரிங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீவலை அள்ளி மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்ப ஆரம்பித்தாள்.