வெர்னாவுக்குக் காலை, டெல்மருக்கு மதியம்

1

இதை எழுதச் சொன்னது எங்கள் வானொலி நிலையத்தை வாங்கிய கம்பெனி. "ஸ்டேஷன் வரலாறு, ஒரு பக்கம் போதும் சார். சந்தோஷமா முடிங்க" என்றாள் அவர்கள் அனுப்பிய பெண். அமெரிக்காவின் கென்டக்கி மலைக்குள், கன்ட்ரி என்னும் நாட்டுப்புறப் பாட்டு மட்டுமே போடும் எங்கள் வானொலிக்கு விளம்பரம் பிடித்தே என் முழங்கால் தேய்ந்தது. அதனால் என்னைப் பிடித்தார்கள்.

முதல் தொடக்கம்: "மலைகளின் மடியில் இசையின் ஊற்று..." (வேண்டாம். இதை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: வெர்னாவும் டெல்மர் ஸ்டாம்பரும் கல்யாணமான புதிதில் நிலையத்தைத் தொடங்கினார்கள். பிறகு விவாகரத்து. வீட்டை விற்றுப் பங்கு போட்டாயிற்று. ஒலிபரப்புக் கோபுரத்தை எப்படி வெட்டுவது? காலை அவளுக்கு, மதியம் அவருக்கு என்று தீர்ப்பானது.

சரி, இதுவே இருக்கட்டும். அலுப்பாக இருக்கிறது.

2

இருவரும் பார்த்துக்கொள்வது நண்பகலில் நாற்காலி மாறும்போது மட்டும்தான். மைக் திறந்தே இருக்கும்.

"எந்திரி வெர்னா, நேரமாச்சு."

"சீட் சூடா இருக்கு. பாசத்துல சூடு பண்ணி வெச்சேன்னு நெனச்சுக்காதே."

"உன் சமையலுக்கு இது எவ்வளவோ மேல்."

முடிவெட்டும் கடையில் கத்தரி நின்றுவிடும். அதை ஒட்டி வரும் விளம்பரத்துக்குக் கடைக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

(ஏன் பிரிந்தார்கள் என்று இங்கே சொல்ல வேண்டும். டெல்மர் ஒரு நல்ல மனிதர், ஆனால்... இல்லை. வேறொருத்தியோடு பக்கத்து மாநிலமான டென்னசிக்குப் போய்க் குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பினார். வெர்னா கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான்.)

3

டெல்மருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மதியம் வந்து உட்கார்ந்தார். பாட்டுக்குப் பின் பாட்டு, நடுவில் ஒரு சொல் இல்லை. "எழவு வீடு மாதிரி இருக்கு" என்று தொலைபேசியில் திட்டினார்கள்.

ஒரு நாள் நண்பகலில் வெர்னா எழுந்திருக்கவில்லை. இன்னொரு நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

"டெல்மர் என்ன சொல்றார்னா, அடுத்த பாட்டு அவர் பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினப்போ கார்ல கேட்டதாம்."

டெல்மர் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ஆமாங்கறார்."

மறுபடி தட்டு.

"ரொம்ப ஆமாங்கறார்!"

ஊர் சிரித்தது. அன்றிலிருந்து மதியமும் அவள் குரல்தான்.

கம்பெனிப் பெண்ணுக்கு இங்கேயே முடித்தால் பிடிக்கும். மறுபடி ஒரே வீட்டில் குடியேறினார்கள் என்று ஒரு முடிவும் எழுதினேன். (பொய். கிழித்துப் போட்டேன். இரண்டு கார்களில்தான் வீடு போனார்கள்.)

4

நடந்தது இது. மாட்டுத்தீவனக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். வெர்னா கேலியை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

"டெல்மர், டென்னசில இருந்தப்போ, திரும்பி வந்துரணும்னு ஒரு தடவையாவது தோணுச்சா?"

தட்டு இல்லை. எதுவுமே இல்லை. கடைக்கார ஆர்வில் எட்டிப் பார்த்தான். "என்னப்பா, உன் ரேடியோ செத்துப்போச்சா?"

"சும்மா இருடா."

பிறகு ஒரு பாட்டு தொடங்கியது. என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன்; சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வீர்கள்.

மறுநாள் வெர்னாவிடம் கேட்டேன், "நேத்து பாட்டைப் போட்டது யாரு? நீயா, அவரா?"

"பாட்டு நல்லா இருந்துச்சா? அதோட விடு."

அடுத்த குளிர்காலத்தில் டெல்மர் இறந்தார். பழைய தீர்ப்பின்படி மதியமும் வெர்னாவுக்கே வந்தது. வேண்டாமென்று மொத்தமாக விற்றுவிட்டாள்.

கம்பெனி கேட்ட சந்தோஷமான முடிவு என்னிடம் இல்லை. அந்தப் பாட்டைப் போட்டது யார் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரால் சொல்ல முடியவில்லை. மற்றவள் சொல்ல மாட்டேன் என்கிறாள்.